இடுப்பு வலியா, இடுப்பு மூட்டு வலியா?



இடுப்பு மூட்டுத் தேய்வு பற்றி இன்று பேச விழைகிறோம். முதியோர் நோய்தானே என்று தள்ளிவிட வேண்டாம். பல்லாண்டுகள் பாரம் சுமந்து உழைத்தோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது என்பது மேனாடுகளில் விவசாயிகளை ஆராய்ந்து கண்ட செய்தி. இருள் விலகுமுன் பெரட்டுக்குப் போய், மேட்டிலும் பள்ளத்திலும் நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளி சுமந்து திரும்பும் நம்மவர்க்கு அது அயலான செய்தியன்று.

தமிழில் முதுகின் அடியையும், அரையையும், தொடை உடலோடு சேருமிடத்தையும் 'இடுப்பு' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. "இடுப்பு வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் முதுகெலும்பையே எண்ணுகிறார். இடுப்பு மூட்டு என்பதோ, தொடையெலும்பின் உருண்டைத் தலை, கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழலுமிடம். அங்குள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேயும்போது நோவு பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றும். சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலங்கழித்தோரும் உளர்.

காலணி மாட்டக் குனியும்போதும், கால் நகம் வெட்டும்போதும், குந்தி எழும்போதும் கால் மடங்க மறுக்கிறதா? காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி, அரைமணி நேரத்துக்குள் இளகுகிறதா? காலை உட்புறமாகத் திருப்பினால் தொடையிடுக்கில் சுருக்கென்கிறதா? அப்படியானால் மூட்டைச் சோதிக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் இன்று கைரோபிராக்டிக் நிலையங்கள் உள்ளன. 1895இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் தொடங்கிய முறை இது; முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சீர்செய்வர். முதுகு வலி என்று அங்கே செல்வோருள் சிலருக்கு உண்மையில் தேய்ந்திருப்பது இடுப்பு மூட்டு. டென்மார்க்கில் இத்தகைய நிலையங்களுக்கு வருவோரிடம் இந்நோயைத் தேடிப் பார்த்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அந்நாட்டில் இத்தொழிலினர் பல்கலைக்கழகத்தில் பயின்று, எக்ஸ்ரே படமும் எடுப்பவர்கள்.

நம் நாட்டில் இத்தொழில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் பயின்றவர் மூட்டையும் அசைத்துப் பார்ப்பார்; ஐயமிருந்தால் மருத்துவரிடம் அனுப்புவார். மூட்டைத் தொட்டும் பாராமல் முதுகை மட்டும் திருப்பி, பத்து முறைக்கு முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கையும் திரும்ப வளர்க்காது. விழுந்தபின் கால் ஊன்ற இயலாதவரும், காய்ச்சலோடு மூட்டு நோவுள்ளவரும் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதனினும் கொடியது பெயரில்லா ஜாமுவும் வலித்தூளும். இவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. ஸ்டீராய்டை நெடுநாள் உண்டால் தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அவ்வெலும்பே செத்துப்போகலாம். வலி பறந்துவிட்டதென்று மகிழ்ந்தவர் மூட்டையே இழக்க நேரும். மால் எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டினால் மருத்துவரைக் காணலாம். தேவையெனில் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அச்சீட்டுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்ய இயலாதவர்க்கான சொக்சோ ஓய்வூதியத்துக்கு மனுச் செய்ய நேர்ந்தால் அவை வேண்டியிருக்கும்.

எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது. தொடைத் தசைகளுக்கான பயிற்சியும், எடைக் குறைப்பும் பலருக்குப் போதும். முற்றிய நிலையில் செயற்கை மூட்டுப் பொருத்தலாம். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற மருத்துவர் 1962இல் இதற்கு வழிவகுத்தார். அதுவரை ஊன்றுகோல் பிடிப்போர், நோவில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் நோவென்றால் கோல் இடக்கையில். நோவுள்ள கால் முன்வைக்கும்போது கோலும் கூடவே முன்செல்ல வேண்டும்.