அன்னா மணியும் புவியை அளந்த கருவிகளும்

 

சேலம், நாமக்கல் சமவெளி புவியறிவியலுக்குத் திறந்து கிடக்கும் ஆய்வுக்கூடம். சேலத்து மக்கள் வெள்ளைக்கல் என்றழைக்கும் மாக்னசைட் இங்கே நெடுங்காலமாகத் தோண்டப்படுகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்தோசைட், நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையோடு அது பொடியாக்கப்பட்டு, சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தின் சோதனைக்கு நிலவு மண்ணாகப் பயன்பட்டது. கஞ்சமலையிலோ காந்த ஈர்ப்புள்ள இரும்புக் கனிமம் உண்டு. இவ்வுரையாளரின் மாணவப் பருவத்தில், பேராசிரியர் ஒருவர் வகுப்பை அம்மலைக்கு அழைத்துச் சென்று, திசைகாட்டியின் முள் இடத்துக்கு இடம் வேறு வடக்கைக் காட்டுவதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் மாலைவரை மாணவர்களை வாதிட விட்டார். கருவியை ஐயுறத் தெரிந்தவரே புவியை அறிய முடியும் என்ற எண்ணம் அன்று விழுந்த விதை.

டென்மார்க்கின் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் இதற்குச் சிறந்த சான்று. புவியின் கருவம் முழுவதும் உருகிய நீர்மம் என்று கருதப்பட்ட காலத்தில், 1929-இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள், அவை வந்து சேரவே கூடாத 'நிழல் பகுதி'யிலும் மெல்லிய தடம் பதித்திருந்ததை அவர் கண்டார். நிலநடுக்கப் பதிவுக் கருவிகளைத் தாமே பொறுப்பேற்றுப் பேணியவர் என்பதால் அத்தடங்களைக் கருவியின் பிழையென்று ஒதுக்காமல், நீர்மத்தினுள் மற்றொரு உட்கருவம் இருக்க வேண்டும் என்று 1936-இல் நிறுவினார்.

ஆயினும் பட்டமளிப்பு மேடையில் அவரைவிட நீளமாகப் பேசப்பட வேண்டியவர், 1918-இல் பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அன்னா மணி. பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகளைத் தாமே எழுதி வெளியிட்ட அவர், 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அளித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. விதி விதிதான், ஆனால் அந்த விதியால் இழப்பு யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நல்லது.

அவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று, அங்கு வாய்த்த வானிலைக் கருவியியலைக் கற்று, 1948-இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்த அக்காலத்தில், ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே அவற்றைச் செய்ய வழிசெய்தார். 1953 அளவில் அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். கறுப்புப் பூச்சிட்ட பரப்பு வெயிலில் சூடாகும்போது எழும் வெப்ப வேறுபாட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் பைரனோமீட்டர் அங்கு முதன்மைக் கருவி. பலூனில் ஏறி, மேல்வளியின் ஓசோனை உயரம் உயரமாக அளந்து வானொலி வழியே தெரிவிக்கும் ஓசோன்சோண்டும் அவர் தலைமையில் உருவானது. 1976-இல் ஓய்வுபெற்ற பின்னரே, இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேட்டை 1980-இல் வெளியிட்டார். அதன்பின் காற்றாற்றல் வளத்தை அளக்கும் பணியிலும் இறங்கினார்.

பிழையான அளவீடு சிறிதென்று நினைப்பவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் நீர். மழைமானி 5 மில்லிமீட்டர் தவறினால், ஒரு ஹெக்டேருக்கே 50,000 லிட்டர் கணக்கில் காணாமல் போகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, கோழிப்பண்ணையாளர்களுக்கு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றோடு தீவன அறிவுரையையும் வெளியிட்டு வருகிறது. வெப்பம் மிகும்போது கோழி தீவனத்தைக் குறைத்து, மூச்சிரைத்து, மெல்லிய ஓட்டு முட்டையிடும் என்பதால், கருவியில் நேரும் பிழை பண்ணையாளரின் பணப்பையில் போய் முடிகிறது.

இக்கருவிகளைப் பேணும் பணியில் இம்மாவட்டங்களின் பெண்கள் இன்னும் மிகுதியாகச் சேர வேண்டும் என்பதே இவ்வுரையாளரின் பிடிவாதமான விருப்பம். இந்திய வானிலைத் துறைக்கு அறிவியல் உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்க மத்திய பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வை, இயற்பியல், மின்னணுவியல், கணினி அறிவியல் பட்டதாரிகள் எழுதலாம். அறிவிப்பு வரும்போது முதுகலை முடியட்டும் என்று காத்திராமல் விண்ணப்பிக்கலாம்.