பலர் ஆக்கிய செல்வமும் அதன் உரிமையும்



மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் காமன் ஊன்றி, ரதி மதன் வேடம் பூண்டோர் தப்பொலி முழங்க தோட்ட லயங்கள்தோறும் ஆடிவரும் காமன் கூத்தைப் பதுளைப் பகுதியின் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் கண்டு வளர்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். அக்கூத்துப் பாட்டுக்களைக் கொப்பியில் எழுதிக் காத்துவரும் வாத்தியார்மாரிடம் அவற்றின் கர்த்தா யார் என்று வினவினால், ஒருவர் பெயரையும் சொல்லமாட்டார்கள். எந்தத் தோட்டத்தில் யாரிடம் பாடம் கேட்டோம் என்பதை மாத்திரம் மறவாது சொல்லுவார்கள்.

இவ்வாறு பலர் கூடி ஆக்கிய பொருளைப் பிறர் எடுத்தாளுவதற்குரிய நியதி யாது என்னும் பிரச்சினையை இக்காலத்தில் பெரிய அளவில் எதிர்கொண்டது விக்கிப்பீடியா. தமிழில் அது 2003 ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் கட்டுரைகளை எவரும் பிரதி செய்யலாம், திருத்தலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் ஆக்கியோரைக் குறிப்பிடவேண்டும், செய்த மாற்றத்தை அறிவிக்கவேண்டும், திருத்திய வடிவத்தையும் அதே நிபந்தனைகளோடு பிறருக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். நம் வாத்தியார்மார் சம்பிரதாயமாய்க் காத்த ஒழுக்கத்துக்கு இது மிகவும் நெருங்கியது என்பதே என் அபிப்பிராயம்.

நம் இலங்கை நாட்டுச் சட்டமோ வேறொரு வழியிற் செல்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூலாசிரியர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் அவர் உரிமையைக் காக்கிறது. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்த ஸி. வி. வேலுப்பிள்ளை 1984 இல் மறைந்தார். ஆகவே அவருடைய எழுத்தின் உரிமை 2054 வரை நிற்கும். ஆயினும் அவ்வுரிமை அவர் தெரிந்தெடுத்த முறைக்கும் எழுதிய விளக்கங்களுக்கும் உரியதேயன்றி, கொழுந்து மலையிற் பாடிய பெண்களின் பாட்டுக்கு உரியதன்று. அப்பாட்டுக்களை வணிகத்துக்காகவோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ உபயோகிப்பதற்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை, அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு, அமைச்சர் குறிக்கும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. அதற்கான கட்டணமும் கலாசார அபிவிருத்திக்கே செல்லும். பாடிய சனங்களின் சம்மதத்துக்கு அங்கே இடமில்லை. இதனை ஒரு பெருங்குறையென்றே நான் கருதுகிறேன். இதற்கு மாறாக, பாரதியின் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949 இல் வாங்கிப் பின்னர்ப் பொதுமக்களுக்கே உரிமையாக்கிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். அங்கே அரசு இடையே வந்தது திறந்துவிடுவதற்காக.

சட்டம் திருந்தும் வரை காத்திருத்தல் நியாயமாகாது. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அங்கே மாண்ட உயிர்களோடு எத்தனை கொப்பிகளும் எத்தனை கிழவிகளின் ஞாபகமும் புதைந்தனவென்று எவராலும் சொல்ல இயலாது. 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேமித்துவரும் நூலகத் திட்டத்தைப் போன்ற நிலையங்கள் இருக்கையில், இப்பாட்டுக்களுக்கு அடைக்கலம் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை.

ஆகவே இளைஞர்களே, கைப்பேசியில் ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ பதியுமுன் பாடுபவரின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரையும், தோட்டத்தையும், தோட்டத்தின் பிரிவு மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும், ஆண்டையும் எழுதுங்கள். பின்னர் பாட்டின்மீது உரிமை கோராமல், உங்கள் ஒலிப்பதிவை மட்டும் விக்கிப்பீடியாவின் நிபந்தனைகளோடு உலகத்துக்கு அளியுங்கள்.