இல்லமே பள்ளியாகும்போது
(பருவப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

  

பிள்ளைகள் கல்வி கற்கும் இடத்திற்குத் தமிழில் பள்ளி என்று பெயர். சமண முனிவர் உறைந்த இடத்திற்கும் அதுவே பெயர். இப்பெயர் ஒற்றுமையின் காரணத்தை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடல் என்னும் ஊரின் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியையும் அவர்தம் மாணாக்கர் 500 பேரையும் குறிப்பிடுகின்றது. அது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆசிரியப் பணியில் பெண்கள் இருந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

பள்ளியில் மட்டுமன்றி இல்லத்திலும் கல்வி நிகழ்ந்தது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது ஏட்டுச்சுவடிகள் மட்டும் அவருக்குப் போதவில்லை. சமயச் சொற்களின் பொருளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டறிந்தார். அக்காப்பியத்தை வழிவழியாகப் படித்துப் பொருள் சொல்லி வந்தவர்கள் அவர்கள். 1887இல் அச்சேறிய அந்தப் பதிப்பில் பெயர் தெரியாத வீட்டுக் கூடங்கள் பலவற்றின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இன்று வீட்டுக் கல்வி என்றால் வேறொரு பொருள் கொள்ளப்படுகின்றது. பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல், எழுத்து, கணக்கு, அறிவியல் அனைத்தையும் வீட்டிலேயே கற்பித்தல் என்பது அப்பொருள். இதனை விரும்பும் பெற்றோருக்குக் காரணங்கள் உண்டு. பேருந்துப் பயணத்தில் கழியும் பொழுது ஒன்று. தாய்மொழி நாவில் நிலைக்காமை மற்றொன்று. சமண இல்லங்களுக்கு இவற்றோடு உணவு நெறியும் உண்டு. மாலைத் தனிவகுப்பு முடிந்து இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளை, பகலுணவு நோன்பை எங்ஙனம் காக்கும்?

ஒரே பிள்ளை உள்ள வீட்டில் இது பெரும்பாலும் இயலும். பிள்ளைகள் நால்வர், ஐவர், முதியோர் இருவர், கடையோ நிலமோ உண்டு, விருந்தும் உறவும் வந்த வண்ணம் இருக்கும். இத்தகைய வீட்டில் யார் கற்பிப்பது, எப்பொழுது கற்பிப்பது? ஒருவனுக்குப் பெருக்கல், ஒருத்திக்குப் பின்னம், கடைக்குட்டிக்கு அகரம். இடையே அடுப்பில் பால். இவ்வினாவுக்கு விடை தேட, கடல்கடந்த நாட்டுக் குடும்பம் ஒன்றன் வரலாறு பெரிதும் பயன்படும். அக்குடும்பத்தார் தாம் செய்ததை எழுதி வைத்தனர், தவறியதையும் மறைக்கவில்லை.

அயர்லாந்து நாட்டின் லாங்ஃபோர்டு வட்டாரத்தில் எட்ஜ்வொர்த்டவுன் என்றோர் ஊர். அவ்வூரின் நிலக்கிழார் ரிச்சர்டு லவல் எட்ஜ்வொர்த், 1744இல் பிறந்தவர். மனைவியர் ஒருவர் பின் ஒருவராக இறக்க, நான்கு முறை மணம் செய்தவர். பிள்ளைகள் 22 பேர். மூத்தவர் பிறந்தது 1764இல். இளையவர் பிறந்தது 1812இல். சிலர் இளமையிலேயே மறைந்தனர். ஆயினும் அவ்வீட்டில் எழுத்துக் கற்கும் வயதுப் பிள்ளை இல்லாத காலம் அரிது. தந்தையோ சும்மா இருப்பவரல்லர். நிலம் அளக்கும் கருவி, வண்டிச் சக்கரம், தொலைவுக்குச் செய்தி அனுப்பும் கம்பம், சாலை அமைப்பு என எந்நேரமும் ஏதேனும் ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். குத்தகைதாரர் வாயிலில் காத்திருப்பர். அந்த வீட்டில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் கற்றனர்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. அக்காலத்தில் ரூசோ எழுதிய 'எமில்' என்னும் நூல் ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. குழந்தையை இயற்கையின் போக்கில் விட வேண்டும் என்பது அதன் கொள்கை. எட்ஜ்வொர்த் அதனை எழுத்துக்கு எழுத்து நம்பி மூத்த மகனை அவ்வாறே வளர்த்தார். அச்சிறுவன் வெறுங்காலுடன் திரிந்தான். உடல் உரம் பெற்றது, அச்சமும் இல்லை. பாரிசுக்கு அழைத்துச் சென்று ரூசோவிடமே அவனைக் காட்டியதும் உண்டு. ஆனால் அவன் எவர் சொல்லுக்கும் அடங்காதவனாக வளர்ந்தான். பின்னர்க் கப்பலேறினான், அமெரிக்காவில் குடியேறி 1796இல் மறைந்தான். புகழ்பெற்ற நூல் ஒன்று சொல்கிறது என்பதற்காகக் கண்முன் நிற்கும் பிள்ளையைப் பாராமல் விட்டதன் விலை அது. இன்றைய பெற்றோர் கைப்பேசியில் நாளுக்கொரு கல்வி முறையைக் கண்டு மயங்குவதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

இரண்டாம் மனைவி ஹொனோரா வேறு வழியை மேற்கொண்டார். அவர் எந்தக் கொள்கையையும் முன்னே நிறுத்தவில்லை. ஒரு குறிப்பேட்டைத் திறந்தார். பிள்ளை என்ன கேட்டது, என்ன விடை சொல்லப்பட்டது, அவ்விடை அதற்கு விளங்கிற்றா, எங்கே தடுமாறிற்று என்பவற்றை அவ்வப்போது எழுதினார். 1780இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அவ்வீட்டுக்கு மனைவியாக வந்த அவருடைய தங்கை எலிசபெத் அப்பணியைத் தொடர்ந்தார். அக்குறிப்புகளின் துணைகொண்டு, தந்தையும் மகள் மரியாவும் 1798இல் 'நடைமுறைக் கல்வி' என்று பொருள்படும் நூலை வெளியிட்டனர். அடுப்பங்கரைக்கும் தொட்டிலுக்கும் இடையே எழுதப்பட்ட வரிகளே அந்நூலுக்கு வேர் என்பது பலர் நினைவில் கொள்ளாத செய்தி.

அந்நூலின் முதல் அதிகாரம் பாடநூல்களைப் பற்றியதன்று. விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. வண்ணம் பூசிய வண்டியை வாங்கித் தந்தால் பிள்ளை சிறிது நேரம் பார்க்கும். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்கும். உடைத்ததற்காக அடிப்பது அறிவின்மை. மரத்துண்டு, தாள், கரிக்கோல், சிறு கருவி ஆகியவற்றைத் தந்தால் அது தானே ஒன்றை ஆக்கும். பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் இதன் அருமை இரட்டிப்பாகும். ஒரு மரத்துண்டுக் குவியலில் மூன்று வயதுப் பிள்ளை கோபுரம் எழுப்பும். எட்டு வயதுப் பிள்ளை அதனையே எண்ணிப் பெருக்கும். தனித்தனிப் பொருள் வேண்டுவதில்லை. தனித்தனி அறையும் வேண்டுவதில்லை.

பிள்ளைகளின் கவனம் நெடுநேரம் நில்லாது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். சிறு பிள்ளைக்குப் பாடம் குறுகியதாக இருத்தல் வேண்டும். ஆனால் அக்குறுகிய பொழுதில் கற்பிப்பவர் வேறொன்றிலும் கண் வைத்தல் ஆகாது. நாள் முழுவதும் அரைக் கவனத்தோடு கற்பிப்பதைவிடக் கால் மணி நேரம் முழுக் கவனத்தோடு கற்பிப்பது மேலானது. வேலை மிகுந்த வீட்டுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

எஞ்சிய பொழுதில் வீட்டின் தொழிலே பாடமாயிற்று. தந்தை இயந்திரம் செய்தால் பிள்ளைகள் உடன் நின்றனர். கணக்குப் பார்த்தால் மகள் உதவினாள். அவ்வழியில் வளர்ந்த வில்லியம் பொறியாளரானார். கடைக்குட்டி மைக்கேல் பாக்கன்ஹாம், ஆட்சிப் பணியாளராக இந்தியாவிற்கு வந்து இங்குள்ள தாவரங்களை ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் எட்ஜ்வொர்த்தியா என்னும் செடியினத்தின் பட்டையிலிருந்து இமயமலைப் பகுதியிலும் சப்பானிலும் தாள் செய்கின்றனர். புத்தகத்தோடு வளர்ந்த குடும்பத்தின் பெயர் தாள் தரும் செடிக்கு வாய்த்தது பொருத்தமே.

இனி, அவ்வீட்டின் நடுத்தூணாகிய மரியாவைப் பற்றிக் கூறாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. 1782இல் குடும்பம் எட்ஜ்வொர்த்டவுனில் நிலைகொண்டபோது அவருக்கு வயது 14. அவ்வாண்டு பிறந்த தம்பி ஹென்றியின் கல்விப் பொறுப்பு அவர் கையில் தரப்பட்டது. மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது. நிலத்தின் வரவு செலவுகளிலும் தந்தைக்கு அவரே துணை. தம்பி தங்கையர்க்குரிய கதைகளை அவர் முதலில் பலகையில் எழுதுவார், படித்துக் காட்டுவார், அவர்கள் விரும்பினால் மட்டுமே தாளில் ஏறும். 'பெற்றோரின் துணைவன்' என்ற பொருளில் 1796இல் வெளிவந்த கதைத் தொகுதி இவ்வாறு உருவானதே. தனியறை நாடாமல், குடும்பத்தார் பேசிக்கொண்டிருக்கும் பொதுக்கூடத்திலேயே சிறு மேசையருகே அமர்ந்து அவர் எழுதினார். ஆங்கிலப் புதின வரலாற்றில் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு.

இதனைக் கேட்கும் எவர்க்கும் பெருமிதம் தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1802இல் பாரிசில், சுவீடன் நாட்டறிஞர் எடெல்கிராண்ட்ஸ் அவரை மணக்க விரும்பிக் கேட்டார். மரியா மறுத்தார். குடும்பத்தையும் நாட்டையும் விட்டுச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. இறுதிவரை மணம் செய்யாமலே வாழ்ந்தார். தந்தை மறைந்த பின், 1826இல் கடன் சுமையோடு நின்ற நிலத்தின் நிர்வாகமும் அவர் தோளிலேயே ஏறியது. அது அவர் விரும்பி ஏற்ற வாழ்வாகவே இருக்கலாம். ஆயினும் பெரிய குடும்பத்தில் வீட்டுக் கல்வி என்று பேசும்போது அதன் பாரம் எவர்மீது இறங்குகிறது என்பதைப் பாராதிருத்தல் நேர்மையாகாது. பெரும்பாலும் அது தாய்மீது இறங்கும். தாய்க்கு இயலாவிடில் மூத்த மகள்மீது இறங்கும். தம்பிக்குப் பாடம் சொல்லும் பத்து வயதுப் பெண் தானும் கற்கிறாள் என்பது உண்மை. அவளுக்குரிய பாடத்தை யார் சொல்கின்றனர் என்று கேட்க ஆளில்லாவிடில், அது கல்வியன்று, வேலை.

எட்ஜ்வொர்த் குடும்பத்தார் எல்லாவற்றிலும் பின்பற்றத்தக்கவர் அல்லர். வீட்டுப் பணியாளரோடு பிள்ளைகள் பேசவே கூடாது என்று அந்நூல் வற்புறுத்துகின்றது. எவ்வுயிரையும் தன்னுயிராகக் கருதச் சொல்லும் சமயத்தில் பிறந்தோர்க்கு அது ஏற்புடையதன்று. சமயக் கல்வியையும் அந்நூல் ஒதுக்கி வைத்தது. எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக எழுத விரும்பியது அதற்குக் காரணம்; பிற்காலத்தில் மகன் லவல், கத்தோலிக்கச் சிறுவரும் புராட்டஸ்டன்டுச் சிறுவரும் ஒருங்கே பயிலும் பள்ளியை 1816இல் அவ்வூரில் தொடங்கியதும் அந்த மனப்பான்மையின் பயனே. எனினும் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றையும் ஒன்றாகப் போற்றும் இல்லங்கள் அறிவை மட்டும் தனியே பிரித்துக் கற்பிக்க இயலாது.

அந்த அயர்லாந்து வீட்டில் இல்லாத வசதி ஒன்று சமண இல்லத்தில் இயல்பாகவே உள்ளது. கதிரவன் மறையுமுன் உணவு முடிகின்றது. மற்ற வீடுகளில் சமையலும் பரிமாறலும் நடக்கும் அந்த இரவுப் பொழுது, இங்கே அடுப்பணைந்த பொழுது. தாய்க்கும் கை ஓய்வு. சாமாயிகத்திற்குரிய கால அளவு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம். அவ்வளவு பொழுது கைப்பேசியும் தொலைக்காட்சியும் இன்றிக் கூடத்தில் அனைவரும் அமர்ந்தால் சுவாத்தியாயமும் நடக்கும். பிள்ளைகளின் பாடமும் நடக்கும். பாட்டனார் நாலடியாரில் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லலாம். பெரியப்பா கடைக் கணக்கை எடுத்து விழுக்காடு கற்பிக்கலாம். கல்லூரி செல்லும் அத்தை மகள் வேதியியல் விளக்கலாம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்றன்றோ? அதனை வெளியார்க்கு அளிக்குமுன் வீட்டுக் கூடத்தில் அளித்துப் பழகுவது ஆடவர்க்குரிய கடமையுமாகும். தந்தை வாரம் இருமுறையேனும் கற்பிக்க அமராத வீட்டில் நான்கு பிள்ளைகளின் கல்வியை ஒரு பெண் நெடுநாள் சுமக்க இயலாது.

ஹொனோராவின் குறிப்பேட்டுக்கு ஒப்பான ஒன்றும் வேண்டும். பிள்ளைக்கு ஒரு நோட்டு. நாளைக்கு இரண்டு வரி போதும். அதனை ஒருவரே எழுதாமல் அன்று கற்பித்தவர் எழுத வேண்டும். பலர் கற்பிக்கும் வீட்டில் நேற்று மாமா எங்கே நிறுத்தினார் என்பதை இன்று பாட்டி அறிய வேறு வழியில்லை.

இறுதியாகச் சட்டமும் தேர்வும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குரியது. பள்ளி வழிக் கல்வியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. வீட்டுக் கல்விக்கென்று தனி ஒழுங்குமுறை அதில் இல்லை. ஆதலின், பிள்ளையை வீட்டில் கற்பிக்க முடிவு செய்வோர் சான்றிதழ் வழியை முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், அதற்குமேல் 10, 12ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளையும் நடத்துகின்றது. பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதிவு செய்யப் பிள்ளைக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புச் சான்று, படிவம், கட்டணம், பாட நூல், தேர்வு மையம் எனப் பிள்ளைக்குப் பிள்ளை, ஆண்டுக்கு ஆண்டு கவனிக்க வேண்டிய வேலைகள் பல. இவற்றை வீட்டின் எந்தப் பெரியவர் பார்த்துக்கொள்வார் என்பதைப் பாடம் தொடங்கும் நாளிலேயே பெயர் குறித்து முடிவு செய்துகொள்வது நன்று; அப்பெயர் தாயின் பெயராக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.