நிலவறையில் பிறந்த மருத்துவ மையம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபென்வே என்றொரு பகுதி. 1971-ல் அங்கே மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து, ஒரு நிலவறையில் சின்னதாக மருத்துவ மையம் திறந்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் தொண்டர்கள். முதியவர், மாணவர், கையில் காசில்லாதவர், தன்பாலின ஈர்ப்புள்ளவர் என யார் வந்தாலும் கவனித்தார்கள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது, 1973-ல்தான் நீக்கியது. யாரோடு வாழ்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லக்கூடப் பலருக்கு வாய் வராது. ஃபென்வேயில் சொல்ல முடிந்தது. அதுவே பாதி மருந்து.

பாஸ்டன் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் முதல் எய்ட்ஸ் நோயாளிகளை 1981-ல் கண்டறிந்ததும் இந்த மையம்தான்.

நம் சென்னைக்கும் இந்த மையத்தின் கதையில் பங்குண்டு. ஃபென்வேயின் ஆய்வாளர் டாக்டர் கென்னத் மேயர், டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்போடு சேர்ந்து எச்.ஐ.வி. ஆய்வுகள் செய்தவர்.

நிலவறையில் பிறந்த மையம், 2009-ல் பத்து மாடிக் கட்டடத்தில் குடியேறியது.