எலும்பு வெட்டுவோர் மனை



ஜேர்மனியின் வடபகுதியில் ஹில்டெஸ்ஹைம் என்றொரு பழைய நகரம் உண்டு. அதன் சந்தைச் சதுக்கத்தில் ஏறத்தாழ 26 மீற்றர் உயரத்தில் ஒரு மரச்சட்டக வீடு நிற்கிறது. 'எலும்பு வெட்டுவோரின் சங்க மனை' என்பது அதன் ஜேர்மன் பெயருக்குப் பொருள். இறைச்சி வெட்டும் தொழிலாளர் 1529இல் கட்டுவித்த மனை அது. அரசனுக்காகவோ ஆயருக்காகவோ அன்று, கத்தியும் கட்டையும் கொண்டு பிழைத்தவர்கள் தமக்கென எழுப்பிக்கொண்டது. மாடிக்கு மாடி சற்று வெளியே நீண்டு, செதுக்கு வேலைப்பாடுகளுடன் அது விளங்கிற்று. யாரைப் பயிலுநராகச் சேர்ப்பது, யாரைத் தொழில் வல்லுநராக ஏற்பது என்பவற்றையெல்லாம் அக்காலத்தில் இத்தகைய சங்கங்களே தீர்மானித்தன.

1945 மார்ச் 22ஆம் திகதி நேச நாடுகளின் குண்டுவீச்சில் பழைய நகரம் தீக்கிரையானது. பல நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இம்மனையும் சாம்பலாயிற்று. 1960களில் அவ்விடத்தில் நவீன ஹோட்டேல் ஒன்று எழுந்தது. பின்னர் அதனை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய மனையை மீண்டும் கட்டினார்கள்.

இது வெறும் போலி என்பார் உளர். மரங்கள் புதியவை என்பது உண்மையே. ஆனால், ஓக் மரத்தில் துளையிட்டு, மற்றொரு மரத்தின் முனையை அதனுள் செருகி, மர ஆணியால் இறுக்கும் தச்சுமுறை பழையது. கட்டடம் எரிந்த பின்னும் கைத்தொழில் அறிவு எரியவில்லை. இதனை நாம் போலி என்று தள்ளிவிட முடியாது.

எனினும், அதே நகரில் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். 1938 நவம்பரில் நாசிகள் அங்கிருந்த யூதர்களின் தொழுகைக் கூடத்தை எரித்தனர். அது மீளக் கட்டப்படவில்லை. 1988இல், சங்க மனை உயர்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே, அங்கு ஒரு நினைவுச் சின்னம் மட்டும் நிறுவப்பட்டது. மனையை மீட்கத் தச்சர்கள் இருந்தார்கள். அங்கே தொழுத மக்களை மீட்க எந்தத் தச்சனால் முடியும்?

மீளக் கட்டுவது நன்றே. ஆனால், சதுக்கத்தின் அழகை வியப்பவர்கள் அந்த வெற்றிடத்தின் முன்னும் சற்று நிற்க வேண்டும். அப்போதுதான் அந்நகரின் கதை முழுமையாகும்.