21 நாள் கெடுவைத் தவறவிடாதீர்!

(நிலம் எடுப்பு குறித்து, கிராமக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொதுக் காரியத்துக்கு நிலம் கொடுப்பது செங்கல்பட்டுச் சீமைக்குப் புதிதல்ல. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கொடுத்தோம். மறைமலை நகருக்குக் கொடுத்தோம். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கவும் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஊரில் எழும் கேள்வி ஒன்றுதான்: "சர்க்காரே எடுக்குறேன்னு சொல்லிட்டா, கோர்ட்டுக்குப் போயி என்னா ஆவப் போவுது?"

மறைக்காமல் பதில் சொல்கிறோம்.

1978-ல் வந்த 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் அரசியல் சட்டத்தில் 300-ஏ பிரிவு இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் எவர் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று 7 உரிமைகளை 16-5-2024 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் எண்ணிச் சொன்னது.

சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை வழக்கைப் பாருங்கள். நம் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தபோது, 2018-ல் கல் நட்டார்கள். 8-4-2019 அன்று சென்னை ஐகோர்ட் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. விவசாயிகள் பட்டாசு வெடித்தார்கள். 8-12-2020 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: முதல் அறிவிப்பை வைத்துக்கொண்டு பட்டாவில் பெயர் மாற்றியது தவறு, பழையபடி மாற்றுங்கள் என்பது.

இதில் நமக்கு என்ன பாடம்? ரோடு வேணுமா வேணாமா என்று கோர்ட் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சட்டம் சொன்ன படிகளில் அதிகாரி ஏறினாரா என்றுதான் பார்க்கிறது. ஆகவே "இந்த வழியாக வேண்டாம், ஏரி இருக்கு, கிணறு இருக்கு" என்று சொல்ல வேண்டிய இடம் ஆட்சேப மனு.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ம் வருஷச் சட்டப்படி எடுத்தால் கெடு 21 நாள். கெஜட்டில் 3-ஏ அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து கணக்கு. காகிதம் நம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிப்போகும். சிப்காட்டுக்கு எடுப்பது 1997-ம் வருஷ மாநிலச் சட்டம். அதன் விதி வேறு. எந்தச் சட்டம், எத்தனை நாள் என்பதை முதலில் படித்துப் பாருங்கள்.

சர்வே நம்பர் போட்டு, ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனி மனு கொடுங்கள். ஒரு ஜெராக்ஸில் சீல் போட்டு வாங்குங்கள். விசாரணைக்கு நேரில் போங்கள். மனுவைத் தள்ளினால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். ஐகோர்ட்டில் 226-வது பிரிவில் ரிட் போட அந்தக் காகிதம்தான் ஆதாரம். 3-ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3-டி அறிவிப்பு வராவிட்டால் முதல் அறிவிப்பே காலாவதி. ஸ்டே இருந்த நாட்கள் மட்டும் கணக்கில் சேராது.

வெறும் கோஷத்தோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். போராட்டத்துக்கு ஆளும் வேண்டும், அத்தாட்சியும் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகலை இன்றைக்கே எடுத்து வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மனு எழுதிக் கொடுங்கள்.

கேட்காமல் எடுக்க விடமாட்டோம்! ஒன்றுபடுவோம்!