மருந்துக்கு மடியாத நுளம்பு

1946 ஆம் ஆண்டளவில் இலங்கையின் கிராமங்களுக்குள் தெளிகருவி சுமந்த பணியாளர் புகுந்தனர். வீட்டின் உட்சுவர்களிலும் கூரையின் உட்புறத்திலும் ஒரு மருந்தைத் தெளித்துச் சென்றனர். டி.டி.ரி. என்பது அதன் பெயர். குருதி குடித்து வயிறு கனத்த நுளம்பு அருகிலுள்ள சுவரில் அமர்ந்து இளைப்பாறும் இயல்பினது. அமர்ந்த இடத்தில் அது நஞ்சேறி மடிதல் வேண்டும் என்பதே ஏற்பாடு.

அம்மருந்தின் அருமையை உணர்வதற்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1934 இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு அக்குட்டைகளே தொட்டில்களாயின. 1934-35 இல் எழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அத்தகைய நோய், 1963 இல் நாடு முழுவதிலும் இருபது பேருக்கும் குறைவானோரிடத்தே காணப்பட்டது. வெற்றி கைக்கெட்டியது என்று கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, மேற்பார்வையும் தளர்ந்தது. அத்தளர்ச்சிக்கு நாடு கொடுத்த விலை பெரிது. 1967 இன் பின் நோய் திரும்பிற்று. 1969 ஆம் ஆண்டில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர்.

மீண்டும் டி.டி.ரி. கையிலெடுக்கப்பட்டது. ஆயின் பழைய வாள் மழுங்கியிருந்தது. குலிசிபேசிஸ் நுளம்பு அம்மருந்தைத் தாங்கி நிற்கும் ஆற்றல் பெற்றுள்ளமை அதே 1969 இல் கண்டறியப்பட்டது.

நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலரும் கூறுவர். அக்கூற்று பொருந்தாது. தனியொரு நுளம்பு எதற்கும் பழகுவதில்லை, தாங்கமாட்டாதது இறந்துபோகின்றது. வயலிலே களை பிடுங்குவோரைக் கவனித்தால் உண்மை விளங்கும். நெல்லைப் போன்ற தோற்றமுடைய புல் அவர்கள் கைக்குத் தப்பும்; தப்பியது விதை உதிர்க்கும்; சில போகங்களில் அத்தகைய புல்லே வயலெங்கும் மலிந்து நிற்கும். புல்லுக்குத் தந்திரம் கற்பித்தவர் எவருமிலர். பிடுங்கிய கையே அதனைத் தெரிந்தெடுத்தது. அவ்வாறே, மருந்து வருமுன்னரே பிறவியில் அதனைத் தாங்கவல்ல சில நுளம்புகள் கூட்டத்தில் இருந்தன. மற்றவை மடிய, அவற்றின் சந்ததி பெருகிற்று. முட்டை இரண்டு வாரத்துக்குள் முழு நுளம்பாகும் இனத்துக்கு ஓராண்டில் எத்தனை தலைமுறை என்பதை நேயர்களே கணக்கிடலாம்.

அந்த ஆற்றல் இருவகையில் அமையும். சில நுளம்புகளின் உடலிலுள்ள நொதியங்கள் நஞ்சைச் சிதைத்துவிடும். வேறு சிலவற்றில், நஞ்சு சென்று பற்றவேண்டிய நரம்பின் பகுதியே சற்று உருமாறியிருக்கும். பூட்டு மாறியபின் பழைய திறப்பால் பயனில்லை. டி.டி.ரி.யும் பின்னாளில் வந்த பைரெத்ரோயிட் மருந்துகளும் நரம்பில் ஒரே இடத்தையே பற்றுவன. ஆதலால் ஒன்றை வென்ற நுளம்பு, தான் ஒருபோதும் காணாத மற்றதையும் வெல்லக்கூடும்.

1970களில் டி.டி.ரி.யின் இடத்துக்கு மாலதியன் வந்தது. அது வயல்களுக்குப் போகாமல் மலேரியாத் தடுப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது, அறிவுடைய ஏற்பாடு. எனினும் வயல்களில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு பூச்சிநாசினிகள் தாராளமாகத் தெளிக்கப்பட்டன. நெல்வயல் நீரில் வளரும் சப்பிக்ரஸ் நுளம்பு, வீட்டுச் சுவரை அடையுமுன் குடம்பிப் பருவத்திலேயே அவற்றுக்கு ஈடுகொடுக்கும் நிலையை எய்திற்று. விவசாயியின் கையும் சுகாதாரப் பணியாளரின் கையும் அறியாமலே ஒரே பயிரை வளர்த்தன. குலிசிபேசிஸ் நுளம்பும் பின்னர் மாலதியனுக்கு எதிர்ப்புக் காட்டிற்று. 1990களில் பைரெத்ரோயிட் மருந்துகள் வந்தன.

மருந்தை மாற்றுவதோடு நில்லாது, குருதிச் சோதனை, உடனடிச் சிகிச்சை, மருந்தூட்டிய நுளம்புவலை என்பனவும் சேர்ந்தமையாலேயே நோய் ஒழிந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

அதே ஆண்டு டிசெம்பரில், மன்னாரில், அதுவரை இந்நாட்டிற் காணப்படாத ஸ்ரெபன்சை என்னும் மலேரியா நுளம்பு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. குட்டையையும் வயலையும் தேடாமல் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடுவது அதன் வழக்கம். வளவுக்கொரு கிணறுள்ள நாட்டில் அதற்கு இடத்துக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் பிடித்த நுளம்புகளைச் சோதித்தபோது அவை டி.டி.ரி., மாலதியன், பைரெத்ரோயிட் ஆகிய மூன்றுக்குமே எதிர்ப்புக் காட்டின.

மருந்து கைவிடும் இடத்தில் மிகப் பழைய வழிகள் எஞ்சி நிற்கின்றன. கிணற்றுக்கு வலைமூடி இடலாம். நீர்த்தொட்டியை வாரமொருமுறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவலாம். கிணற்றிலே குடம்பிகளைத் தின்னும் சிறுமீன்களை விடலாம். மீனின் வாய்க்குத் தப்பும் வித்தையை நுளம்புக் குடம்பி இன்னும் கண்டுகொள்ளவில்லை.